குடித்திருந்தார் என்று சொன்னேன்

என் கணவர் குடிக்க மாட்டார். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதை நம்புகிற ஆட்கள் இன்றைக்கு நானும் என் மகளும் மட்டும்தான். பட்டாளத்தில் இருந்த காலத்தில் கோட்டாவில் கிடைத்த ரம்மை வாங்கி அப்படியே பக்கத்துக் கட்டில்காரருக்குக் கொடுத்துவிடுவாராம். லீவில் வரும்போது பட்டாளத்துச் சரக்குக்காக வாசலில் வந்து நின்ற சொந்தக்காரர்கள் எல்லாரும் வெறுங்கையோடுதான் திரும்பியிருக்கிறார்கள். கல்யாணமான புதிதில் என் சித்தப்பா ஒருவர், மாப்பிள்ளை தங்கமான ஆள்தான், ஆனால் பிரயோஜனமில்லை என்று சலித்துக்கொண்டு போனார்.

அவருக்கு இருப்பது வேறு. காதுக்குள் பேச்சு கேட்கும். ஓய்வு பெற்று வந்து குத்துக்கல்வலசையில் மனை வாங்கி வீடு கட்டிக் குடிவந்த பிறகு ஆரம்பித்தது. யாரோ சில ஆண்கள் அவரைப் பற்றியே பேசுவார்கள், பெரும்பாலும் திட்டுவார்கள். திருநெல்வேலியில் ஒரு மனநல மருத்துவரிடம் காட்டினோம். மாத்திரையில் பேச்சு குறைந்தது. அதற்குப் பதிலாக நாக்கு தடித்தது, கை நடுங்கியது, நடை லேசாகத் தள்ளாடியது. அக்கம்பக்கத்தில் பிரஷர் மாத்திரை என்று சொல்லி வைத்திருந்தோம். எங்கள் பக்கத்தில் கோட்டி என்று ஒரு சொல் உண்டு. பைத்தியம் என்பதுதான் பொருள், ஆனால் அதைச் சொல்கிற வாயில் ஒரு சிரிப்பும் சேர்ந்து வரும். ஒருவர்மேல் அந்தச் சொல் விழுந்தால் பிறகு அவர் பேச்சை யாரும் பேச்சாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

அவரைப் பிடித்து நிறுத்தியது பாதி மாத்திரை, பாதி வேலை. ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் வாசல் காவலாளியாக இருந்தார். சீருடையைத் தானே இஸ்திரி போட்டுக்கொள்வார், என்னைத் தொடவிட மாட்டார். எல்.கே.ஜி. பிள்ளைகள் சல்யூட் அடித்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாகப் பதில் சல்யூட் உண்டு. இந்த வேலையை மட்டும் விட்டுவிடாதீர்கள், இதுவும் மருந்துதான் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஆகவே நான் காப்பாற்ற வேண்டியிருந்தது அந்த ஒரு வாசலைத்தான்.

சாரல் காலத்தில் அவரை அருவிக்குக் கூட்டிப்போவேன். தலை சூடான ஆட்களுக்கு எண்ணெய் தேய்த்து அருவியில் நிறுத்துவது எங்கள் பக்கத்தில் என்றைக்கும் உள்ளதுதான். டாக்டரிடம் கேட்டதற்கு, மாத்திரையை நிறுத்தாமல் எங்கே வேண்டுமானாலும் குளிக்கட்டும் என்று சிரித்தார். அவருக்கு அருவியில் வேறொரு லாபம் இருந்தது. "அங்கன நின்னா அவனுவ பேசுதது கேக்க மாட்டக்கு, ஏட்டி" என்பார். தண்ணீர் விழுகிற சத்தத்தில் அந்தப் பேச்சு அமுங்கிப்போகுமாம். வெளியே வரும்போது அவர் முகம் எனக்குக் கல்யாணத்தன்று பார்த்த முகமாக இருக்கும். அதற்காகவே எத்தனை தடவையும் போகலாம் என்று தோன்றும்.

போன சாரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஐந்தருவிக்குப் போனோம். சரியான கூட்டம். பலாப்பழக் கடை, பஜ்ஜிக் கடை எல்லாவற்றையும் தாண்டி, நான் துண்டை வைத்துக்கொண்டு ஒதுங்கி நின்றேன். அவர் ஆண்கள் பக்கம் உள்ளே போய் நின்றவர் நகரவே இல்லை. வரிசையில் நின்றவர்கள் கத்தினார்கள். நகரச் சொல்லிப் போலீஸ்காரர் விசில் ஊதினார். அந்த விசில்தான் வினை. விசில் கேட்டதும் அவர் தண்ணீருக்குள்ளேயே விறைத்து நின்று சல்யூட் அடித்தார். இந்தியில் பரேடு கட்டளை கொடுக்க ஆரம்பித்தார். தடித்த நாக்கில் அது என்னவோ போலக் கேட்டது. ஒருவன் கையைப் பிடித்து இழுக்க, எண்ணெய்க் கால் வழுக்கி விழுந்தார். எழுப்பி நிறுத்தினார்கள், மறுபடியும் தள்ளாடினார். நான் ஓடிப்போய்ச் சேர்வதற்குள் சுற்றிலும் செல்போன்கள் உயர்ந்திருந்தன. ஆட்டோ பிடித்து வீட்டுக்குக் கூட்டிவந்தேன். அவர் தூங்கி எழுந்தார், நடந்தது எதுவும் நினைவில்லை. அத்தோடு முடிந்தது என்று நானும் நினைத்தேன்.

அச்சன்புதூரில் ஒரு அரிசி ஆலையில் எனக்கு அலுவலக வேலை. இரண்டு நாள் கழித்துப் பக்கத்து மேசைப் பெண், சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கிறது, நீங்களும் பாருங்கள் அக்கா என்று போனை நீட்டினாள். "ஐந்தருவியில் போதை ஆசாமி அலப்பறை" என்று மஞ்சள் எழுத்தில் போட்டிருந்தது. என் கணவர் சல்யூட் அடித்தார். திரும்பத் திரும்ப அடித்தார். அந்த இடத்தை மட்டும் வெட்டி ஒட்டியிருந்தார்கள். அவர் விழும்போது டொய்ங் என்று ஒரு சத்தம் வைத்திருந்தார்கள். கீழே ஒருவர், பட்டாளத்துச் சரக்கென்றால் சும்மாவா என்று எழுதியிருந்தார். கடைசியில் சிவப்பு எழுத்தில் மது அருந்தாதீர் என்று அறிவுரை வேறு. அந்தப் பெண்ணுக்கு என் கணவரைத் தெரியாது. போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

அந்தச் சேனலை நடத்துகிறவனைத் தேடிப் போனேன். தென்காசியில் ஒரு செல்போன் கடைக்கு மேலே ஒற்றை அறை. இளைஞன், நெற்றியில் திருநீறு, பேச்சில் அவ்வளவு மரியாதை. எனக்கு டீ வாங்கிவரச் சொன்னான். சாதிக் கலவரம் வருகிற மாதிரி எதையும் போட மாட்டானாம், சாமி விஷயத்தில் ரொம்பக் கவனமாக இருப்பானாம், பெண்கள் குளிக்கிற படம் வந்தால் அவனே அழித்துவிடுவானாம். இது விழிப்புணர்வு வீடியோ என்றுதான் போட்டானாம். அவர் குடிக்கவே மாட்டார் என்று சொன்னேன்.

"பின்ன என்னக்கா அது?" என்றான்.

உடம்புக்குச் சரியில்லை என்று இழுத்தேன். அவன் புரிந்துகொண்டான். புரிந்ததும் அவன் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அதை என்னால் மறக்க முடியாது.

"நீங்களே வந்து பேசுங்கக்கா. அவுகளுக்கு மனசு சரியில்ல, தேசத்துக்காக உழைச்சவரு, இப்படி ஆயிட்டாருன்னு சொல்லுங்க. அண்ணாச்சியையும் பக்கத்துல உக்கார வச்சிருவோம். இதவிட அது நல்லாப் போகும். ஊரே அழுதுரும்."

அவன் கெட்டவனாக இருந்திருந்தால் சண்டை போட்டிருப்பேன். அவன் உதவி செய்வதாகவே நினைத்தான், அதுதான் என் வயிற்றெரிச்சல். குடிகாரன் என்று சிரித்த ஊர், கோட்டி என்று அழ வேண்டுமாம். இரண்டுக்கும் அவருடைய முகம் வேண்டும். அழித்துவிடு தம்பி, அதுபோதும் என்று கையைக் கூப்பினேன். என் கண் முன்னாலேயே அழித்தான். ஆனால் அதற்குள் யார் யாரோ எடுத்துப் போட்டுவிட்டார்கள். செங்கோட்டை தாண்டி மலையாளத்தில் குரல் கொடுத்து ஒருவன் போட்டிருந்தான். மகள் கல்லூரி விடுதியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் புகார் கொடுத்தாள். ஆபாசமா, வன்முறையா, மோசடியா என்று கேட்டு ஒரு வரிசை வருமாம், அதில் ஒன்றைத் தொட வேண்டுமாம். ஒரு மனிதரின் நோயைக் குடி என்று சொல்லிச் சிரிக்கிறார்கள் என்பதற்கு அதில் இடமில்லை. விதிமீறல் எதுவும் இல்லை என்று பதில் வந்துகொண்டே இருந்தது.

போலீஸில் இருக்கும் என் அண்ணனிடம் கேட்டேன். கேஸ் போடலாம், ஆனால் குடிக்கவில்லை என்பதற்கு டாக்டர் சான்று கேட்பார்கள், அது நாலு பேர் கைக்குப் போகும், பிறகு அதுவும் ஒரு வீடியோவாக வரும், யோசித்துக்கொள் என்றான். நான் யோசிக்கவே இல்லை. போனை வைத்துவிட்டேன்.

பள்ளிக்கூடத்திலிருந்து கூப்பிட்டார்கள். அவர் இப்போதைக்கு வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லி, என்னை மட்டும் வரச் சொன்னார்கள். தாளாளர் கோயில் காரியங்களில் முன்னால் நிற்கிற பழைய குடும்பத்துக்காரர், அதட்டிப் பேசத் தெரியாதவர். பெற்றோர்கள் அந்த வீடியோவைத் தனக்கே அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள் என்று வருத்தத்தோடு சொன்னார். அவர் குடிக்க மாட்டார் சார் என்றேன்.

"நானும் கண்டதில்லம்மா. ஆனா குடிக்கலன்னா, பின்ன அது என்ன? பிள்ளைக நிக்கிற வாசல். எனக்குத் தெரியணும்லா?"

அவர் கேட்டது நியாயம். ஜன்னல் வழியாக வாசல் தெரிந்தது, அங்கே வேறொருவர் நாற்காலி போட்டு உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். உண்மையைச் சொன்னால் அந்த வாசல் போய்விடும், அது நிச்சயம். எங்கள் ஊர் குடிகாரனை மன்னிக்கும். மாமன், மச்சான், வாத்தியார், வக்கீல் என்று எத்தனை பேரை மன்னித்துப் பழகியிருக்கிறது.

"குடிச்சிருந்தாக சார்" என்றேன். "இனிமே குடிக்க மாட்டாக."

அவர் முகம் தெளிந்ததைப் பார்க்க வேண்டும். அதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே அம்மா, மனுஷன் சறுக்குவதுதான், திங்கட்கிழமை அவரைக் கூட்டிவந்து என் முன்னால் ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்கள் என்றார். பக்கத்து மேசையில் எழுதிக்கொண்டிருந்த கிளார்க் கூட, எங்க அண்ணனும் இப்படித்தான் இருந்தான், இப்போது விட்டுவிட்டான் என்று ஆறுதல் சொன்னார்.

இனி என் கணவரிடம் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடத்தில் பெயின்ட் அடிக்கிறார்கள் என்று சொல்லி வீட்டில் இருத்தி வைத்திருந்தேன். தினமும் சீருடையை இஸ்திரி போட்டு மடித்து வைத்துக்கொண்டு, நாளைக்காவது உண்டா என்று கேட்பார். அவர் பக்கத்தில் உட்கார்ந்து வீடியோவைக் காட்டினேன். டொய்ங் சத்தம் வந்தபோது திடுக்கிட்டார். முழுவதும் பார்த்தார், மறுபடியும் போடச் சொன்னார்.

"நான் குடிச்சிருந்தேனாட்டி?"

"ஆமா."

"யாரு வாங்கிக் குடுத்தா?"

பழைய பட்டாளத்து ஆள் யாரோ அருவியில் பார்த்து வாங்கிக்கொடுத்தார் என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அவர் திட்டுவார், அவமானப்படுவார் என்று எதிர்பார்த்தேன். ஆனால் அவர் பெருமூச்சு விட்டார். கண்ணில் தண்ணீர் நின்றது.

"அப்ப இது கோட்டி இல்ல. குடிதான்."

என் கையைப் பிடித்து இனிமேல் தொட மாட்டேன் என்று சத்தியம் செய்தார். வாழ்நாளில் ஒரு சொட்டுத் தொடாத மனிதர் குடிக்க மாட்டேன் என்று செய்த சத்தியத்தை நான் வாங்கிக்கொண்டேன். திங்கட்கிழமை தாளாளர் முன்னால் நின்று அதையே சொல்லிச் சல்யூட் அடித்தார். வாசல் திரும்பக் கிடைத்தது. தெருவில் குடிக்கிற புருஷன்மாரைக் கட்டிக்கொண்ட பெண்கள் என்னைத் தங்கள் கூட்டத்தில் சேர்த்துக்கொண்டார்கள். ஒருத்தி, மோரில் கலந்து கொடுக்க ஏதோ பொடி இருக்கிறது, வாங்கித் தரவா என்றாள். வேண்டாம், நிறுத்திவிட்டார் என்றேன். கொடுத்து வைத்தவள் என்றாள்.

அந்த வாரமே மாத்திரையை நிறுத்தினார்.

குடியை விட்டாயிற்று, இனி மாத்திரை எதற்கு என்றார். இது குடியை விடுவதற்கான மாத்திரைதான் என்று சொல்லிப் பார்த்தேன். பட்டாளத்துக்காரன் சத்தியம் செய்த பிறகு மாத்திரை போட்டால் அது என்ன சத்தியம் என்று கேட்டார். தயிர்ச்சோற்றில் பொடித்துக் கலந்தேன். கசக்கிறது என்று தட்டை ஒதுக்கினார். அதற்கப்புறம் நான் போட்டுத் தருவதை மோந்து பார்த்துவிட்டுத்தான் சாப்பிட்டார். நாக்கின் தடிப்பு குறைந்தது, நடை நேரானது. பார்த்தியா, குடியை விட்டதும் உடம்பு எப்படித் தேறுகிறது என்று நடந்து காட்டினார். பள்ளிக்கூடத்தில் எல்லாரும் பாராட்டினார்கள்.

பிறகு உதடு அசைய ஆரம்பித்தது. சாப்பிடும்போது நிறுத்தி, தலையைச் சாய்த்து எதையோ கேட்பார். வாசலில் நிற்கும்போது யாருமில்லாத பக்கம் திரும்பிச் சத்தம் போட்டார் என்று பள்ளி வேன் ஓட்டுநர் என்னிடம் மெதுவாகச் சொன்னார். டாக்டரிடம் கூட்டிப்போகக் கூப்பிட்டால், குடிகாரனுக்குக் கோட்டி டாக்டர் எதுக்கு என்றார். எனக்குப் பயம் வந்துவிட்டது. அந்த வாசலில், அத்தனை பிள்ளைகளுக்கு நடுவில் என்றாவது ஒரு நாள் ஏதாவது நடந்தால், அப்போது எந்தப் பொய்யும் அவரைக் காப்பாற்றாது.

போன வாரம் அவர் வேலை முடிந்து வந்து காப்பி குடித்து முடிக்கும்வரை காத்திருந்து எல்லாவற்றையும் சொன்னேன். நீங்கள் அன்றைக்குக் குடிக்கவில்லை, ஒருநாளும் குடித்ததில்லை, உங்களுக்கு நோய் இருக்கிறது, வேலைக்காக நான்தான் பொய் சொன்னேன் என்று அழுதுகொண்டே சொன்னேன். மாத்திரையை உள்ளங்கையில் வைத்து நீட்டினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். வேன் ஓட்டுநரிடம் கேட்டு வாங்கித் தன் போனிலேயே அந்த வீடியோவை வைத்திருந்தார். நானும் மகளும் உலகத்திலிருந்து அழித்துவிட முட்டி மோதிய அதே வீடியோ. மஞ்சள் எழுத்து வருகிற இடத்தில் நிறுத்தி, விரலை வைத்து எனக்குப் படித்துக் காட்டினார்.

"போதை ஆசாமின்னு எழுதியே போட்டிருக்கானுவ பாரு. ஊரு பூரா பாத்திருக்கு, ஒருத்தனாவது கோட்டின்னு சொல்லுதானா? நீ ஒருத்திதாட்டி என்னக் கோட்டின்னு சொல்லுத."