எண்ணெய் பூசிய பயோடேட்டா

சபையில் மைக்கைப் பிடித்துப் பேச எனக்கு வராது. அதனால் இந்தச் சாட்சியை எழுதிக் கொடுக்கிறேன். ஆண்டவர் செய்ததைச் சொல்லாமல் இருக்கவும் மனசு கேட்கவில்லை.

போன வருஷம் மழைக்காலத்தில் என் கணவர் டேனியலுக்கு முதுகில் ஆபரேஷன் நடந்தது. வீட்டுக்கு வந்தும் எழுந்து உட்காரவே சிரமப்பட்டார். கம்பெனி கொஞ்ச காலம் பொறுத்தது. பிறகு, இந்த மாதத்தோடு சம்பளம் நிற்கும் என்று போன் வந்தது. மாடம்பாக்கத்தில் வாடகை வீடு. மகள் பன்னிரண்டாம் வகுப்பு. நான் வேலைக்குப் போயே ஆகவேண்டும். கல்யாணத்துக்கு முன்பு ஒரு ஆபீசில் கணக்கு எழுதியவள் நான். அதற்குப் பிறகு வீடுதான்.

தாம்பரம் ஸ்டேஷன் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் பயோடேட்டா அடித்தேன். யாரோ ஒருவருடையதை எடுத்து என் பெயரைப் போட்டுக் கொடுத்தார்கள். அதைப் பாஸ்டர் எண்ணெய் பூசி ஜெபித்தார். உபவாச ஜெபத்தில் எல்லோரும் கை வைத்து ஜெபித்தார்கள். அதையே நகல் எடுத்து வண்டலூர் வரைக்கும் கொடுத்தேன். ஒரு இடத்திலிருந்தும் கூப்பிடவில்லை. எனக்குக் கோபமே வந்துவிட்டது. "ஆண்டவரே, உமக்குக் காது கேட்கிறதா இல்லையா?" என்று சமையற்கட்டில் நின்று அழுதேன்.

அந்த வாரம் வீட்டு ஜெபக் கூட்டத்துக்கு ஷீலா அக்கா வந்திருந்தார். ஒரு கம்பெனியில் ஆள் எடுக்கும் பிரிவில் இருக்கிறார். வாய் கொஞ்சம் காரம். நான் பயோடேட்டாவை நீட்டியதும் எல்லோரும் கண்ணை மூடினார்கள். அவர் மட்டும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

"இரு எஸ்தர். முதல்ல படிக்கிறேன், அப்புறம் ஜெபிக்கலாம்."

எனக்குப் பகீரென்றது. இத்தனை பேர் கை வைத்த தாளை அதுவரை ஒருவரும் படித்ததில்லை. நானும்தான்.

"சவாலான வேலை வேணும், பாட்டு கேட்கப் பிடிக்கும்னு போட்டிருக்கு. இதுல நீ எங்கம்மா இருக்க? கல்யாணத்துக்கு அப்புறம் இத்தனை வருஷமா என்ன பண்ண?"

"ஒண்ணும் பண்ணல அக்கா. வீட்டுலதான் இருந்தேன்."

"அப்ப வருஷா வருஷம் லீவுல பிள்ளைங்களுக்கு வேதாகமப் பள்ளி நடத்துறது யாரு? வேன் ஏற்பாடு, சாப்பாடு, டீச்சருங்க, கணக்கு, எல்லாம் யாரு?"

"அது ஊழியம்க்கா. அதைப் போய் வேலைக்குன்னு எழுதலாமா?"

எழுதத்தான் வேண்டும் என்றார் அக்கா. கூட்டம் முடிந்த பிறகும் எனக்கு எழுத மனம் வரவேயில்லை. ஆண்டவருக்குச் செய்ததை விலை பேசுவது போல இருந்தது. முழங்காலில் நின்று, "எழுதினால் உம்முடைய மகிமையைத் திருடுகிறேனா?" என்று கேட்டேன். பதில் டேனியல் படுத்திருந்த கட்டிலிலிருந்து வந்தது.

"எஸ்தர், நீ பொய் எழுதப் போறதில்ல. அவர் உன்னை நம்பிக் குடுத்த வேலைய இல்லவே இல்லைன்னு எழுதியிருக்க பாரு, அதான் பொய்."

அன்றே புதிதாக எழுதினேன். ஒரே பக்கம். பாட்டு கேட்பதை எடுத்துவிட்டேன். எந்தெந்த ஊரிலிருந்து பிள்ளைகளைக் கூட்டி வந்தேன், யாருக்குக் கணக்கு ஒப்படைத்தேன் என்று உள்ளதை உள்ளபடி போட்டேன். ஊரப்பாக்கத்தில் ஒரு பள்ளிக்கு வேன்களைக் கவனிக்க ஆள் தேவை என்று ஷீலா அக்கா சொல்ல, அங்கே அனுப்பினேன். கூப்பிட்டார்கள்.

தாளாளர் சிரிக்கவே இல்லை. வேதாகமப் பள்ளி என்று எழுதியிருந்த வரியில் விரலை வைத்தார். "சர்ச்சுல செஞ்சதெல்லாம் வேலை அனுபவமாம்மா?"

"ஆமா சார்" என்றேன். இயேசப்பா, இயேசப்பா என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டேன்.

"சரி, சாயங்காலம் வேன் வரல. என்ன பண்ணுவீங்க?"

வேதாகமப் பள்ளி நடத்தியபோது அது எனக்கே நடந்தது. பல்லாவரத்தில் வெள்ளிக்கிழமைச் சந்தைக் கூட்டம், கொட்டுகிற மழை, வேன் வரவில்லை. பிள்ளைகளை ஒரு கடைக்குள் நிறுத்தி, ஆட்டோக்கள் பிடித்து, ஆட்டோவுக்கு ஒரு டீச்சரை ஏற்றி, யார் எதில் போகிறார்கள் என்று எழுதி வைத்துக்கொண்டு பெற்றோருக்குப் போன் செய்ததைச் சொன்னேன்.

"கடைசிப் பிள்ளை வீட்டுக்குப் போயிடுச்சுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"போன்ல அவன் குரலைக் கேட்ட பிறகுதான் சார் நான் அந்த இடத்தைவிட்டு நகர்ந்தேன்."

அவர் என்னையே பார்த்தார். பிறகு மேசை மணியை அடித்து, "இவங்களுக்கு வேன் ரூட்டெல்லாம் காட்டுங்க" என்றார்.

வேலை கிடைத்ததை வீட்டில் டேனியலிடம் சொன்னேன். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். இப்போது சுவரைப் பிடித்து நடக்கிறார். ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்.

இன்றும் சபையில் யாராவது பயோடேட்டாவோடு வந்தால் பாஸ்டர் எண்ணெயை எடுக்கிறார். நான் கண்ணாடியை எடுக்கிறேன். கஷ்டத்தில் இருக்கிற சகோதர சகோதரிகளே, நம்பிக் கேளுங்கள், அவர் கேட்கிறார். பதில் ஷீலா அக்கா மாதிரி திட்டிக்கொண்டே வந்தாலும் கதவைத் திறந்து விடுங்கள்.