மகளுக்குப் பதினெட்டு வயது என்று சொன்னேன்

பாடாங் செராய் ஊர் மண்டபத்தில் நகைச்சுவை நாடகம் போட்டார்கள். பெரியவர்களுக்கு மட்டும் என்றார்கள். வெறும் சிரிப்புதானே என்று நினைத்து, பதினைந்து வயது மகள் ராணிக்குப் புடவை கட்டிவிட்டேன். வாசலில் பதினெட்டு என்று சொல்லி உள்ளே அழைத்துப் போனேன்.

மேடையில் முதலிரவுப் பேச்சு ஆரம்பித்ததும் ராணி தலையைக் குனிந்துகொண்டாள். "அம்மா, வீட்டுக்குப் போலாம் லா," என்றாள், அழுகிற குரலில். பாதியில் எழுந்து போக எனக்குக் கூச்சமாகத்தான் இருந்தது, ஆனாலும் எழுந்தேன். "பாப்பா பயந்துடுச்சி!" என்று நடிகர் கத்த, கூட்டமே சிரித்தது. அவளை முந்தானையால் மறைத்தபடி வெளியே வந்தேன்.

பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்தோம்.

"தப்பு அம்மா மேலதான், கண்ணு," என்றேன்.

என் தோளில் சாய்ந்துகொண்டு, "நான் சொன்னதும் எந்திரிச்சிட்டியேம்மா," என்றாள்.

இப்போது எங்கே கூட்டிப்போனாலும், பிடிக்கவில்லையென்றால் என் கையை அழுத்தச் சொல்லியிருக்கிறேன். காரணம் கேட்காமல் எழுந்துவிடுகிறேன்.