வினோதனின் புத்தக முதுகு

ரிஸ்னா ராத்தா எங்களுக்குப் பக்கத்து வீடு. காலை ஏழு மணி பஸ்ஸில் கிண்ணியாப் பாலத்தைக் கடந்து திருகோணமலைக்குப் போய், ஓர் அச்சகத்தில் கணினியில் புத்தகங்களை வடிவமைக்கிறா. ஒன்பது வருடமாக அதே கதிரை. எந்தப் புத்தகத்திலும் அவவின் பெயர் இருக்காது. பிழை வந்தால் மட்டும் யார் செய்தது என்று கேட்பார்கள்.

போன ஆகஸ்டில் சாம்பல்தீவிலிருந்து கமலாதேவி என்ற தாய் வந்தா. இருபது வயது மகன் வினோதன் கடலில் குளிக்கப் போய் இறந்து அன்று ஐந்தாம் நாள். முப்பத்தோராம் நாள் சடங்குக்கு வருபவர்களுக்குக் கொடுக்க நினைவு மலர் வேண்டும். வழமையாக அது நடுவில் கம்பி அடித்த மெல்லிய புத்தகம்; பெயர் போட முதுகு இருக்காது. அவ அதை வேண்டாமென்றா.

“மெல்லிசா இருந்தா எங்கயாவது செருகிப்போடுவினம், பிள்ளை. முதுகு வைச்ச புத்தகமா வேணும். அலுமாரியில கிடக்கேக்க அவன்ட பேர் தெரிய வேணும்.”

“முதுகு வர நூறு பக்கமாவது வேணுமே அம்மா.”

“இருபது வயசுப் பிள்ளைக்கு நூறு பக்கத்துக்கு நான் எங்க போறது?”

ஆனாலும் தேடிக் கொண்டு வந்தா. அவன் கீறிய வள்ளப் படங்கள், பாடசாலைக் கட்டுரைகள், கூட்டாளிமார் எழுதிய கடிதங்கள். ஒருநாள் கடைச் சாமான் எழுதிய துண்டு ஒன்றையும் நீட்டினா. சீனி, தேயிலை, சவர்க்காரம். “இதுவும் அவன்ட எழுத்துத்தான்.” ராத்தா அதற்கும் ஒரு பக்கம் கொடுத்தா. கடைசியில் நூற்றுநான்கு பக்கம், ஆறு மில்லிமீற்றர் முதுகு.

அட்டைக்கு நேரம் போதவில்லை. அந்த அச்சகத்துக்கு அதிகம் வருவது மத்ரஸாப் புத்தகங்கள். ராத்தா பழைய மத்ரஸா அட்டை ஒன்றைத் திறந்து, முன்னட்டையையும் பின்னட்டையையும் இடம் மாற்றிவிட்டு, நடுவிலிருந்த முதுகில் வினோதனின் பெயரைப் போட்டா. அந்த எழுத்துப் பெட்டி ஏற்கெனவே தொண்ணூறு பாகை திருப்பியிருந்தது. எழுத்து கீழிருந்து மேலே ஓடும். அரபு எழுத்துக்காக வலப்பக்கத்தால் திறக்கும் மத்ரஸாப் புத்தகத்துக்கு அதுதான் சரி. தமிழ்ப் புத்தகம் மற்றப் பக்கத்தால் திறக்கும்; அதற்கு மேலிருந்து கீழே ஓட வேண்டும். திரையில் அது பிழையாகத் தெரியவில்லை. கமலாதேவியும் பெயரை விரலால் தொட்டுப் பார்த்து, “ஓம்” என்றா.

முப்பதாம் நாள் பின்னேரம்தான் புத்தகங்கள் கொழும்பில் கட்டி முடிந்து வந்தன. ராத்தா முன்னட்டையில் இருந்த வினோதனின் படம் மேலே தெரிய அடுக்கினா. முதுகில் பெயர் தலைகீழாக இருந்தது. அடித்த இருநூறு பிரதியிலும்.

முதலாளி மஹ்ரூப் நானா எட்டிப் பார்த்தார். “நீ சொல்லாட்டி எனக்கே தெரிஞ்சிருக்காது புள்ள. செத்த வீட்டுல ஆரு முதுகப் பாக்கிற?”

“அவ பார்ப்பா நானா. அவ கேட்டதே அதைத்தான்.”

“திருப்பி அடிக்க ஏலாது. அட்டைக்கே நாலு நாள் வேணும்.”

“போய்ச் சொல்லியாவது வாறன்.”

“ஏச்சு வாங்க ஓட்டோ புடிச்சிப் போற ஆள இப்பதான் பாக்கன்.”

சாம்பல்தீவில் கமலாதேவி வீட்டு விறாந்தையில் மேசை தயாராக இருந்தது. ராத்தா புத்தகங்களை இறக்கி, நடந்ததை மறைக்காமல் சொன்னா. கமலாதேவி ஒரு புத்தகத்தைக் கையில் எடுத்து முதுகைத் திருப்பிப் பார்த்தா. ராத்தா அவசரமாக, “அம்மா, குப்புற அடுக்கினா பேர் நேராத் தெரியும்,” என்று பத்துப் புத்தகங்களைக் கவிழ்த்து அடுக்கிக் காட்டினா. உண்மைதான், பெயர் நேராகத் தெரிந்தது. முன்னட்டையில் சிரித்த வினோதன் மேசைக்கு முகம் கொடுத்துக் கிடந்தான்.

“எடு,” என்றா கமலாதேவி. “எடு பிள்ளை. கரையில அவனை அப்பிடித்தான் கண்டெடுத்தவை.”

ராத்தா பத்தையும் ஒவ்வொன்றாக நிமிர்த்தினா. பிறகு கமலாதேவி மேசையைச் சுவரோடு சேர்த்துத் தள்ளி, முதுகுகள் எல்லாம் சுவர்ப்பக்கம் போகும்படி தானே அடுக்கினா. படங்கள் சரிந்து படுத்திருந்தன. வருகிறவர்களுக்கு முகம் தெரியும், தாள் விளிம்பு தெரியும். நூற்றுநான்கு பக்கம் தேடி உண்டாக்கிய முதுகு மட்டும் தெரியாது.

“நாளைக்கு வாங்கோ,” என்றா.

ராத்தா போகவில்லை. அந்த மத்ரஸா அட்டை இன்னும் அவவின் கணினியில் இருக்கிறது. வேலைக்கு வேண்டும் என்பதால் அழிக்க ஏலாது. கிழமைக்கு இரண்டு தடவையாவது அதைத் திறக்கிறா.