இடம் மாறிய இரண்டு வரி

வேலையிலிருந்து துரத்திவிட்டார்களாமே என்று இன்னொரு தரம் யாராவது வாயைத் திறக்கட்டும், பார்க்கலாம்! ஊரெல்லாம் சொல்லித் திரிகிற மாடிவீட்டுக்காரி பக்கத்தில் நின்று பார்த்தாளா? இந்த வீட்டுச் சின்ன மருமகளை யாரும் துரத்தவில்லை. நடந்தது வேறு.

சாயப் பட்டறையில் துணியை நீராவியில் அவிக்க ஆள் உயரத்துக்கு ஓர் இரும்பு அண்டா உண்டு. அதன் நீராவி வால்வைத் திறந்து மூடுவது, அவள் சி மொழியில் எழுதிய புரோகிராம்தான். புரோகிராம் முடிகிறபோது இரண்டு வேலையைச் செய்துவிட்டுப் போகவேண்டும்: வால்வை மூடணும், அப்புறம் வால்வோடு பேசுகிற இணைப்பைத் துண்டிக்கணும். அந்த மொழிக்கு ஒரு குணம். முடிகிறபோது செய்யச் சொல்லிவைத்த வேலைகளில் கடைசியாகச் சொன்னதைத்தான் முதலில் செய்யும். அதனால் துண்டிப்பதை மேல் வரியிலும், மூடுவதைக் கீழ் வரியிலும் எழுதியிருந்தாள்.

மேற்பார்வையாளர் கண்ணில் அது பட்டது. “பொண்ணு தலைகீழா எழுதியிருக்கே!” அவளிடம் ஒரு வார்த்தை கேட்டாரா? இல்லை. தானே வரிகளை மாற்றிவிட்டார்.

மறுநாள் காலை திரையில் ‘முடிந்தது’ என்று வந்தது. மூடி திறக்கிறவர் திருகுகளைக் கழற்ற ஆரம்பித்தார். நாலில் இரண்டு கழன்றாயிற்று. அவள் கண் அழுத்தம் காட்டும் முள்ளின் மேல் போனது. முள் இறங்கவே இல்லை; இணைப்பு முதலில் அறுந்துபோய், வால்வு மூடாமலே கிடந்தது.

“அண்ணே, கையை எடுங்க!”

“முடிஞ்சுதுன்னு போட்டிருக்கேம்மா.”

“பொய்! எடுங்கண்ணே!”

மூன்றாவது திருகு பாதி. மூடியோரம் சீறியது. அவள் பாய்ந்து அவரைத் தள்ளிவிட்டு, நீராவிக் குழாயின் கொதிக்கிற கைச்சக்கரத்தை வெறுங்கையால் திருகி மூடினாள். வலது உள்ளங்கைத் தோல் சக்கரத்தோடு போயிற்று.

கையில் துணியைச் சுற்றிக்கொண்டு, திரையில் இடம் மாறியிருந்த வரிகளைப் பார்த்துவிட்டு உட்கார்ந்தவளிடம் மேற்பார்வையாளர் ஒரு வெள்ளைக் காகிதத்தை நீட்டினார். “தப்பு என்னுதுன்னு எழுதிக் கொடு. வேலை இருக்கும். புரோகிராம் உன்னுதுதானே?”

“புரோகிராம் என்னுது. வரிசை உங்களுது, சார்.”

“அப்ப வீட்டுக்குப் போ.”

“போறேன். இதை இப்படியே விட்டுட்டுப் போகமாட்டேன்.”

இடது கையால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டி வரிகளைப் பழையபடி வைத்தாள். திருகுகளை இறுக்கி, கைச்சக்கரத்தைத் திறக்கச் சொல்லி, புரோகிராமை ஓட்டி, நிறுத்தினாள். பட்டறையே முள்ளைப் பார்த்தது. மெல்ல, மெல்ல, பூஜ்யத்துக்கு வந்தது.

“இப்பத் திறங்க, அண்ணே.”

அவர் அவள் முகத்தைப் பார்த்தார், மேற்பார்வையாளர் முகத்தைப் பார்க்கவில்லை. நாலு திருகும் கழன்று மூடி சத்தமில்லாமல் திறந்தது. காகிதம் மேசைமேல் வெறுமையாகவே கிடந்தது. அவள் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலைத் தாண்டினாள்.