அறுநூற்று ஒன்பது நாள்

முட்டை அட்டையைக் கீழே வைத்துவிட்டுத் திரும்புகிறார் வெர்னா ஹூடாக். பணம் கட்டும் வரிசையில் அவருக்குப் பின்னால் நின்றவர் தன் மச்சானிடம், எண்பத்தேழில் ஸ்கிப் லாக்ரிட்ஜ் பள்ளத்தாக்கு மல்யுத்த பெல்ட்டை ஜெயித்ததை நேரில் பார்த்தேன் என்று சொன்னதுதான் குற்றம்.

"எண்பத்தெட்டு" என்கிறார் வெர்னா. "மார்ச் பன்னெண்டு, சனிக்கிழமை. பள்ளிக்கூட ஜிம்முல. பதினாலு நிமிஷம். வெளிய பனி கொட்டுச்சு, உள்ள அறுபத்தோரு பேரு. அதுல நீங்க இல்ல."

சொல்லிவிட்டு முட்டையை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறார். எங்கள் ஊரில் இப்படி அவரால் திருத்தப்படாதவர்கள் பச்சைக் குழந்தைகளும் பாதிரியாரும்தான். பாதிரியாரும் மல்யுத்தத்தைப் பற்றிப் பேசாதவரைதான்.

வயது அறுபத்தாறு. காலையிலும் பிற்பகலிலும் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறார். பின்பார்வைக் கண்ணாடியில் நாற்பது குழந்தைகளையும் ஒருசேரப் பார்க்கக்கூடிய கண். மாதம் ஒரு சனிக்கிழமை தீயணைப்பு நிலைய மண்டபத்தில் மடக்கு நாற்காலிகள் போட்டு, நடுவில் கயிறு கட்டிய மேடை ஏற்றி, பள்ளத்தாக்கு மல்யுத்தக் கம்பெனி காட்சி நடத்தும்போது மணி அடிப்பவரும் அவரே. முன்பு பதினேழு வருடம் நடுவராக இருந்தார். முழங்கால் தேய்ந்த பிறகு மணி அடிக்க வந்தார். இவற்றையெல்லாம்விடப் பெரிய பதவி ஒன்று உண்டு. அதற்குச் சம்பளம் கிடையாது, நியமனக் கடிதமும் கிடையாது. கம்பெனியின் ஹெவிவெயிட் பட்டத்தின் சரித்திரம் அவர் வசம் இருக்கிறது.

தேவாலயத்தில் பாட்டுப் புத்தகங்களுக்குப் போடும் கனத்த பச்சை அட்டைக்குள் அது இருக்கிறது. நாற்பத்தோரு பேர், அறுபத்து மூன்று ஆட்சிகள். யார், யாரிடமிருந்து, எந்த ஊரில், எந்தத் தேதியில், எத்தனை நாள். பெரிய தொலைக்காட்சிக் கம்பெனிகள் எதற்கும் இந்தப் பெல்ட்டைத் தெரியாது. அதன் தகட்டில் ஒரு கழுகு. ஒரு சிறகை ஒருவர் தலையில் அடித்து வளைத்துவிட்டார். ஆனால் ஓஹியோவில் ஒருவர் இணையத்தில் போட்டிருந்த பட்டியலில் பன்னிரண்டாம் ஆட்சிக்கு ஒரு நாள் கூடிவிட்டது என்று வெர்னா மூன்று கடிதம் எழுதினார். மூன்றாவது கடிதத்துக்குப் பிறகு ஓஹியோக்காரர் திருத்தினார். இரண்டு மாகாணங்கள் சமாதானமாக இருக்கின்றன.

இந்த மல்யுத்தத்தில் யார் ஜெயிப்பது என்பது பிற்பகலே மண்டபத்துச் சமையலறையில், சாசேஜ் வேகும் அடுப்புக்குப் பக்கத்தில் முடிவாகிவிடும். இது ஊருக்கே தெரியும். ஊருக்குத் தெரியும் என்பது மல்லர்களுக்கும் தெரியும். இருந்தும் யாரும் யாரிடமும் சொல்வதில்லை. வெர்னாவிடம் நேராகக் கேட்டால், "அன்னிக்கு அப்படி முடிஞ்சுது" என்பார். முன்கூட்டியே முடிவான ஒன்றின் தேதியை இத்தனை கறாராகக் காப்பானேன் என்று கேட்கத் தோன்றும். திருமணத் தேதியை நாம் காப்பதில்லையா என்று நானே பதில் சொல்லிக்கொள்வேன்.

அவருக்கு ஒரு வடு உண்டு. அதன் பெயர் 'கால்'. பேருந்துக் கதவைச் சாத்தும்போது எந்தத் தகப்பனாவது, "வெர்னா, காலைப் பாத்து" என்று குரல் கொடுத்தால், சுற்றியிருப்பவர்கள் சிரிப்பார்கள். அவரும் ஒரு பக்கமாகச் சிரித்துவிட்டு வண்டியைக் கிளப்புவார்.

தொண்ணூற்றெட்டு நவம்பர் ஏழு. பட்டம் ஆர்வில் கேட்லினிடம் இருந்தது. எதிரில் லெஸ்டர் ஃபென்சக். பகலில் கூரை வேய்கிறவர். மேடையில் தோற்பதற்கென்றே அழைக்கப்படுகிறவர். இந்தத் தொழிலில் அது இழிவல்ல. தோற்பவன் கையில்தான் ஜெயிப்பவனின் கழுத்து இருக்கிறது. லெஸ்டரிடம் உடம்பை ஒப்படைத்தவர்கள் அடிபடாமல் மறுநாள் காலையில் வேலைக்குப் போனார்கள்; அதனாலேயே எல்லோரும் அவரைக் கேட்டு வாங்கினார்கள். அன்றைய முடிவின்படி லெஸ்டர் கேட்லினைத் தூக்கிப் பின்பக்கமாகச் சாய்த்துப் போட வேண்டும். மூன்று எண்ணும்வரை தோள் தரையில் கிடந்தால் தோல்வி; இரண்டு எண்ணும்போதே கேட்லின் தோளைத் தூக்கி, பிறகு ஜெயிக்க வேண்டும். லெஸ்டரின் குதிகால் வழுக்கியது. கேட்லின் முதுகில் விழாமல் கழுத்தில் விழுந்தார்.

வெர்னா தரையோடு தரையாகப் படுத்துப் பார்த்தார். கேட்லினின் கண்களில் வெள்ளை மட்டும்தான் இருந்தது. அப்போது நடுவருக்கு ஒரே விதி. அதை அவர் இன்றும் மாற்றாமல் சொல்வார்: "முடிவு பண்ணி வச்சது வேற, தோள் வேற. தோள் எழும்பலன்னா எண்ணணும்." ஒன்று, இரண்டு, மூன்று என்று அவர் உள்ளங்கை தரையில் விழுந்தது. மண்டபத்தில் நூற்று நாற்பது பேர். ஒருவர்கூடக் கைதட்டவில்லை. லெஸ்டர் கையில் யாரோ பெல்ட்டைத் திணித்தார்கள். அவர் அதைக் கீழே போட்டுவிட்டு முழங்காலிட்டுக் கேட்லினின் கன்னத்தைத் தட்டிக்கொண்டிருந்தார்.

கம்பெனி முதலாளி கஸ் டிமார்கோ ஒலிவாங்கியோடு ஓடிவந்தார். கேட்லினின் கால் கயிற்றின் மேல் இருந்தது, நடுவர் கவனிக்கவில்லை, எண்ணிக்கை செல்லாது என்று அறிவித்தார். கால் கயிற்றுக்கு நான்கடி தள்ளி இருந்தது. எல்லோரும் பார்த்தார்கள். ஆனால் முதலாளி மேடையில் சொன்னதுதான் நடந்தது. இந்தத் தொழிலின் சட்டம் அது. வெர்னா ஒலிவாங்கியை வாங்கித் தன் தவறு என்று சொன்னார். ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிக் கேட்லினை எழுப்பினார்கள். அவர் தள்ளாடி லெஸ்டர் மேல் சாய, லெஸ்டர் மல்லாந்து படுத்துத் தோற்றுக்கொடுத்தார். இடையில் கழிந்தது பதினோரு நிமிடம். லெஸ்டரைப் பின்வாசல் வழியாக வீட்டுக்கு அனுப்பிவிட்டார் டிமார்கோ. கேட்லினைத் தன் காரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர் வெர்னா. வழியில் கேட்லின் இரண்டு முறை வாந்தி எடுத்தார். இது எந்த ஊர் என்று மூன்று முறை கேட்டார். இந்த விவரங்கள் பச்சை அட்டைக்குள் இல்லை.

அதற்குள் இருப்பது வேறு. ஆர்வில் கேட்லின், ஏப்ரல் பதினெட்டு, தொண்ணூற்றெட்டு முதல் டிசம்பர் பதினெட்டு, தொண்ணூற்றொன்பது வரை. அறுநூற்று ஒன்பது நாள். பட்டத்தின் சரித்திரத்திலேயே மிக நீண்ட ஆட்சி. கேட்லின் இன்று முடிதிருத்தும் கடை வைத்திருக்கிறார். கண்ணாடிக்கு மேலே தங்க எழுத்தில் 609 என்று மட்டும் எழுதியிருக்கும். புதிதாக வருகிறவர்கள் அதைக் கதவு எண் என்று நினைத்துக்கொள்வார்கள். இரண்டாம் இடம் நானூற்று முப்பத்து நாலு நாள், லாக்ரிட்ஜ். அவர் பழைய கார் விற்கிறார். நெடுஞ்சாலையில் அவருடைய படம் கடையைவிடப் பெரியது. முதலிடம் கிடைத்தால் அந்தப் படம் இன்னும் எவ்வளவு பெரியதாகும் என்பதை ஊர் யோசித்துப் பார்க்க விரும்பியதில்லை.

சென்ற அக்டோபரில் ஒரு வெள்ளிக்கிழமை மதியம், மண்டபத்துச் சமையலறையில் விற்பனைக்காகப் பியரோகிக் கொழுக்கட்டைக்கு உருளைக்கிழங்கு பிசைந்துகொண்டிருந்த வெர்னாவிடம் லெஸ்டரின் மகள் ரோண்டா வந்து நின்றாள். அப்பாவை நுரையீரல் புற்றுக்காகக் கடைசிக்காலப் பராமரிப்பு இல்லத்தில் சேர்த்திருப்பதையும், இன்னும் சில வாரம்தான் என்று டாக்டர்கள் சொல்வதையும் சொன்னாள். அன்றைக்கு எட்டு வயதில் முன்வரிசையில் உட்கார்ந்து, அப்பா ஜெயித்ததைத் தன் கண்ணால் பார்த்தவள் அவள்.

"நீங்க எண்ணினீங்க, ஆன்ட்டி. மூணு எண்ணினீங்க. டிமார்கோ செத்து ஆறு வருஷம் ஆச்சு. இனிமே யாருக்குப் பயம்? அந்தப் பதினோரு நிமிஷத்தை எழுதிடுங்க."

வெர்னா கிழங்கு பிசைந்த கையைக் கழுவிக்கொண்டு, பச்சை அட்டையை எடுத்துக்கொண்டு, அப்போதே அவளோடு இல்லத்துக்குக் கிளம்பினார்.

லெஸ்டர் மறுத்துவிட்டார். கோபமாகக்கூட மறுத்தார், அவரிடம் மிச்சமிருந்த மூச்சுக்கு அது பெரிய செலவு. ரோண்டா கெஞ்சியபோது அவர் வெர்னாவைப் பார்த்துத்தான் பேசினார்.

"இருபத்திரண்டு வருஷம் தோத்தேன், வெர்னா. ஒரு பயலுக்கு என் கையால விரல் சுளுக்கினதில்ல. அன்னிக்கு ஒரு தடவ. அவன் கழுத்து ஒடிஞ்சே போயிருக்கும். நீ அதை எழுதினா என் பேருக்கு நேரா அது ஒண்ணுதான் நிக்கும். நான் போனப்புறமும் நிக்கும். எழுதாத."

வெர்னா எழுதவில்லை. திரும்பும் வழியில் கேட்லினின் கடையில் வண்டியை நிறுத்தினார். வாடிக்கையாளர் ஒருவருக்குக் கழுத்து மழித்துக்கொண்டிருந்த கேட்லினிடம், லெஸ்டர் எங்கே படுத்திருக்கிறார் என்பதையும் என்ன சொன்னார் என்பதையும் சொன்னார். கேட்லின் கத்தியை நிறுத்தவில்லை. வெர்னாவும் ஒன்றும் கேட்கவில்லை. ஒருவன் தன் அறுநூற்று ஒன்பதை என்ன செய்வது என்று இன்னொருவர் சொல்லக்கூடாது என்பது அவருடைய கருத்தாக இருந்திருக்கலாம். வண்டியை நிறுத்தக்கூடாத இடத்தில் போட்டிருந்த அவசரமாகவும் இருக்கலாம்.

ஞாயிறு வழிபாடு முடிந்து, சாம்பல் நிறக் கோட்டோடு நேராக இல்லத்துக்கு வந்தார் கேட்லின். அந்தச் சமயம் வெர்னாவும் ரோண்டாவும் அறையில் இருந்தார்கள். கேட்லினும் லெஸ்டரும் இருபத்தாறு வருடமாக வழியில் கண்டால் தலையசைத்துக்கொண்டவர்கள்தான், உட்கார்ந்து பேசியதில்லை. கேட்லின் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"என்ன லெஸ்டர், இங்கயும் மல்லாந்தே படுத்திருக்க?"

"பழக்கம்" என்றார் லெஸ்டர்.

கேட்லின் தொப்பியை முழங்காலில் வைத்துக்கொண்டார். தான் அன்று மயங்கவே இல்லை என்றார். அந்த வருடம் ஒன்பது முறை லெஸ்டர் தன்னிடம் தோற்றதையும், ஒரு முறைகூடத் தன் உடம்பு நோகாததையும் எண்ணிப் பார்த்ததாகச் சொன்னார். முன்வரிசையில் லெஸ்டரின் பெண் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாராம். ஒரு தடவை லெஸ்டருக்கு இருக்கட்டும் என்று தோளைத் தூக்காமல் கிடந்தாராம். டிமார்கோவுக்குத் தெரிந்தால் வேலை போய்விடும் என்று பிறகு மயக்கம் போட்டதாகச் சொல்லிவிட்டாராம்.

லெஸ்டர் கூரையைப் பார்த்தபடியே கேட்டார்.

"தண்ணி ஊத்தினாங்களேடா."

"ஊத்தினாங்க. நவம்பர் மாசத் தண்ணி. அசையாம கெடக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்."

"என் கால் வழுக்குச்சு, ஆர்வில்."

"வழுக்குச்சு. நான் மோவாயை ஒடுக்கிக்கிட்டேன். சரியாத்தான் விழுந்தேன். நீ யாரையும் அடிபட வைக்கல."

நாற்பது வருடம் வலிக்காததை வலித்ததாகக் காட்டிப் பிழைத்த முகம் அது. அதில் இப்போது எதுவும் அசையவில்லை. லெஸ்டர் அந்த முகத்தை விட்டுவிட்டு, கட்டிலின் மறுபக்கம் நின்ற வெர்னாவின் பக்கம் தலையைத் திருப்பினார்.

"நீதான் அவன் மூஞ்சிக்கு நேரா படுத்திருந்த. நீ பாத்த. கண்ணு திறந்திருந்துச்சா?"

ரோண்டாவும் பார்த்தாள். கேட்லின் மட்டும் வெர்னாவைப் பார்க்கவில்லை. தொப்பியின் விளிம்பைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

"திறந்துதான் இருந்துச்சு" என்றார் வெர்னா.

அது பொய்யல்ல என்று வாதாட இடமுண்டு. வெள்ளை தெரிந்ததென்றால் கண் திறந்துதானே இருந்திருக்க வேண்டும். வெர்னா வாதாடுகிறவர் இல்லை.

லெஸ்டரின் மார்பு ஏறி இறங்கியது. "அப்ப எழுது" என்றார்.

வெர்னா அட்டையை ஜன்னல் திண்டில் வைத்துத் திறந்தார். அறுநூற்று ஒன்பதுக்கு மேல் அளவுகோல் வைத்து ஒரு கோடு போட்டார். அதன் இடத்தில் இருநூற்று மூன்று நாள் என்று எழுதினார். அடுத்த வரியில் லெஸ்டர் ஃபென்சக், நவம்பர் ஏழு, தீயணைப்பு மண்டபம், மூன்று எண்ணிக்கை, பதினோரு நிமிடம். அதற்கும் கீழே மீண்டும் கேட்லின், நானூற்று ஆறு நாள். அதற்குப் பின்னால் வந்த ஆட்சிகளின் வரிசை எண்களையும் ஒவ்வொன்றாகத் திருத்தத் தொடங்கினார். ஆட்சிகள் அறுபத்தைந்தாயின, பெயர்கள் நாற்பத்திரண்டாயின. நடுவில் கேட்லின் எழுந்துபோய், காற்றில் தாள் புரளாதபடி அதன் ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

லெஸ்டரால் தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியவில்லை. வெர்னா கனத்த அட்டையை விரித்து, இரண்டு கைகளாலும் அவர் முகத்துக்கு மேலே உயர்த்திப் பிடித்தார். லெஸ்டர் தன் பெயரைத் தேடவில்லை. முதல் பெயரிலிருந்து, உதடுகள் அசைய, மெதுவாகப் படித்துக்கொண்டு வந்தார். வெர்னாவின் முழங்கைகள் தாழத் தொடங்கின. நான் பிடிச்சுக்கறேன் என்று ரோண்டா கை நீட்டினாள். வெர்னா தலையை மட்டும் ஆட்டி மறுத்துவிட்டு, அட்டையைக் கொஞ்சம் சாய்த்து, ஜன்னல் வெளிச்சம் தாளில் விழும்படி பிடித்தார்.