காக்கை வராத அமாவாசை

மலாயாவின் அவசரகாலம் என்றதும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது துப்பாக்கிச் சத்தம் அல்ல, சோதனைக்காரப் பெண்ணின் விரல்களில் இருந்த மண்ணெண்ணெய் வாடைதான். விடியற்காலையில் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகும் பெண்கள் முள்கம்பி கேட்டில் வரிசையாக நிற்க, அவள் ஒவ்வொருத்தியின் கொண்டையையும் அவிழ்த்து, சேலை மடிப்பைத் தடவி, வாளிக்குள் விளக்கை இறக்கிப் பார்ப்பாள். அவள் தேடியது சோறு. வேலிக்கு வெளியே போகும் ஒரு பிடிச் சோறும் காட்டுக்குள் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளின் வயிற்றுக்குத்தான் போகிறது என்பது அரசாங்கத்தின் முடிவு. அம்மாவோடு கேட் வரைக்கும் போகும் என் சடையையும் அவள் விடமாட்டாள்.

"பேன்தான் இருக்கு அக்கா. அதையும் காட்டுக்காரனுக்குத்தான் வளர்க்கிறோம்" என்பாள் அம்மா. வரிசை முழுவதும் சிரிக்கும். சோதனைக்காரியும் சிரித்துக்கொண்டே தேடுவாள்.

ஜாசின் என்ற சிற்றூரைத் தாண்டி உள்ளே தள்ளியிருந்த எங்கள் எஸ்டேட்டில் பள்ளிக்கூடம் என்பது வேலியை ஒட்டி நின்ற ஒரு அத்தாப்பு ஓலைக் கொட்டகை. காட்டுக்காரர்கள் சாலையில் ஒரு லோரியை எரித்த மறுவாரம் வாத்தியார் மலாக்கா பட்டணத்துக்குப் போனவர், போனவர்தான். அதன்பின் நாங்கள் கோழிக்குஞ்சுகளைப்போல வேலியோரம் அலைந்துகொண்டிருந்தோம். அப்போதுதான் அந்தக் குடும்பம் வந்தது.

ஜாசினில் கடை வைத்திருந்த உறவினரைப் பார்க்கத் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்திருந்த கணவன், மனைவி, ஒரு மகள். ஊரில் இருவருமே வாத்தியார்கள். எஸ்டேட் பிள்ளைகள் படிக்க ஆளில்லாமல் இருப்பதைக் கேள்விப்பட்டு, ஊர் திரும்புவதைத் தள்ளிப்போட்டு, சம்பளம் வேண்டாம், தங்கத் தொழிலாளர் வரிசையில் ஒரு லயத்து வீடு மட்டும் போதும் என்று துரையிடம் கேட்டு வந்துவிட்டார்கள். "காசு வாங்காம வேலை செய்றவன நான் எங்கயும் பார்த்ததில்ல லா. என்னமோ இருக்கு இதுல" என்று அப்பா பலநாள் சந்தேகப்பட்டார்.

அவரை "சார்" என்றும், அவர் மனைவியை "டீச்சரம்மா" என்றும் கூப்பிட்டோம். சார் கணக்குச் சொல்லித்தந்தார். டீச்சரம்மா பாட்டும் பாடமும். என்னைவிடச் சற்றே மூத்தவளான மகள் தேவகிக்கும் ஒரு வேலை இருந்தது. எங்களைப்போன்ற பொடிசுகளின் கையைப் பிடித்துச் சிலேட்டில் எழுதவைப்பாள். அவள் கைக்குள் இருந்த என் கைதான் முதன்முதலாக என் பெயரை எழுதியது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். இதைச் சொல்லும்போது என் தலை தானாக நிமிர்வதை நான் மறைப்பதில்லை. அன்று வீட்டுக்குக் கொண்டுபோன சிலேட்டை அம்மா அழிக்கவிடவில்லை. "அழிக்காதடி, நாளைக்கு வேற பலகை வாங்கி எழுது" என்று அதைச் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் சாத்தி வைத்துவிட்டாள். மறுநாள் நான் வெறுங்கையோடு போய் நின்றதும், விஷயம் கேட்ட டீச்சரம்மா தேவகியின் சிலேட்டை எனக்குக் கொடுத்துவிட்டு, மகளைத் தரையில் மணல் பரப்பி எழுதச் சொன்னார்.

அந்தக் குடும்பத்துக்கு எங்கள் எஸ்டேட்டில் கிடைக்காமல்போனது காக்கை. அமாவாசையன்று சார் இறந்துபோன தன் அப்பாவை நினைத்து விரதம் இருப்பார். காக்கைக்குச் சோறு வைத்து, அது வந்து கொத்திய பிறகுதான் அவர் சாப்பிடவேண்டும். ஆனால் எங்கள் பக்கத்தில் காக்கை அபூர்வம். ஏனென்று எனக்கு இன்றும் தெரியாது. முதல் அமாவாசையன்று டீச்சரம்மா இலையில் சோறு வைத்து "கா... கா..." என்று கூப்பிட, லயத்துக் கோழிகள்தான் ஓடிவந்தன. சார் உச்சிவெயில் தாண்டியும் காலி வயிற்றோடு பெருக்கல் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார். வாய்ப்பாட்டுக்கு நடுவில் அவர் வயிறு உறுமியது எங்களுக்குக் கேட்டது.

"இங்க காக்காவுக்கு எங்க போவீங்க டீச்சரம்மா? மைனாவக் கூப்பிடுங்க லா" என்றாள் அம்மா.

"மைனாவா? பெரியவங்க காக்கையாத்தானே வருவாங்க?"

"எங்க பாட்டன் பூட்டனெல்லாம் கப்பல் ஏறி வந்ததுமே மைனாவாயிட்டாங்க. நாங்க அதுக்குத்தான் வைக்கிறோம்."

டீச்சரம்மா வாய்விட்டுச் சிரித்தார். ஆனால் மைனாவுக்கு வைக்க அவருக்கு மனம் வரவில்லை. அடுத்த அமாவாசையன்று, கோழிகளுக்கு எட்டாத இடமாகப் பார்த்து, தேவகி ஒரு குச்சியால் முள்கம்பியை விலக்கிப் பிடிக்க, அவர் கையை நுழைத்து, கொட்டகைக்குப் பின்னால் வேலிக்கு வெளியே கைக்கெட்டும் தூரத்தில் இருந்த ஒரு அடிமரக்கட்டையின் மேல் சோற்றை வைத்தார். அதற்கு அடுத்த அமாவாசையும் அப்படியே. இதில் ஆபத்து இருக்கிறது என்று யாருக்கும் தோன்றவில்லை. தினமும் கேட்டில் சேலை மடிப்பை உதறிக் காட்டும் என் அம்மாவுக்கே தோன்றவில்லை. காட்டுக்காரனுக்குப் போகும் சோறு வேறு, செத்தவர்களுக்குப் போகும் சோறு வேறு என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம்.

மூன்றாவது முறை, காவலுக்கு வந்த மலாய்க்கார மாத்தா ஒருவன் அந்த இலையைப் பார்த்துவிட்டான். போலீஸை நாங்கள் "மாத்தா" என்றுதான் சொல்வோம். பள்ளிக்கூடம் நடந்துகொண்டிருந்தபோதே லோரி வந்து நின்றது. வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் இறங்கினார். மொழிபெயர்க்க எஸ்டேட் குமாஸ்தாவான கிராணியைக் கூட்டிவந்திருந்தார்கள். வேலை முடிந்து கேட்டுக்குள் நுழைந்துகொண்டிருந்த ஆட்களும் அப்படியே நின்றுவிட்டார்கள்.

"வெளிய சோறு வச்சது யாருன்னு கேக்கிறாரு" என்றார் கிராணி.

"நான்தான்" என்றார் டீச்சரம்மா, கையில் சாக்கட்டியோடு. "காக்கைக்கு வச்சேன்."

அதிகாரி ஏதோ சொன்னார். கிராணி, "இந்த எஸ்டேட்ல அவரு ஒரு காக்காயும் பார்த்ததில்லையாம். இருந்தா இப்பக் கூப்பிடச் சொல்றாரு" என்றார்.

டீச்சரம்மா கூப்பிட்டார். சார் கூப்பிட்டார். பிறகு யாரும் சொல்லாமலே, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அத்தனைபேரும் வேலியோரம் ஓடிப்போய் நின்று கத்தினோம். "கா! கா! கா!" தொண்டை கிழிய, கண்ணீரும் மூக்குச் சளியும் ஒழுக, வானத்தைப் பார்த்துக் கத்தினோம். ஒரே ஒரு காக்கை வந்தால் போதும், டீச்சரம்மாவை விட்டுவிடுவார்கள் என்பது ஆகச் சின்னப் பிள்ளைக்கும் புரிந்திருந்தது. வானம் வெறுமையாக இருந்தது.

அப்போது ஒரு மைனா வந்தது. கம்பியில் உட்கார்ந்து தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, கட்டைக்குத் தாவி, எல்லோர் கண்ணெதிரிலும் சோற்றைக் கொத்தித் தின்றது. நாங்கள் குதித்தோம். கை தட்டினோம். தேவகி என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

அதிகாரி மைனாவைப் பார்த்தார். கிராணியிடம் குனிந்து பேசினார். கிராணி தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "காக்கான்னு சொன்னீங்களாம். இது காக்கா இல்லையாம்."

கேட்டருகில் நின்ற கூட்டத்திலிருந்து என் அம்மா பால் வாளியைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். கங்காணியிடம்கூட எதிர்த்துப் பேசாதவள், அந்த மாத்தாவின் முன்னால் நின்று, தனக்குத் தெரிந்த அரைகுறை மலாயில், "இத்து பூரோங் மாக்கான், துவான்! பூரோங் மாக்கான்!" என்று அலறினாள். பறவைக்கு வைத்த சோறு ஐயா, பறவைக்கு வைத்தது. அவனுக்குப் புரிந்தது. அவன் அதிகாரியைப் பார்த்தான், மைனாவைப் பார்த்தான், பிறகு தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

மூன்று பேரையும் லோரியில் ஏற்றினார்கள். டீச்சரம்மா அழவில்லை. "பிள்ளைகளா, வாய்ப்பாட்டை மறந்துடாதீங்க" என்று மட்டும் சொன்னார். சார் அதுவரை சாப்பிட்டிருக்கவில்லை. தேவகியின் விரல்களில் மணல் ஒட்டியிருந்தது. லோரி புறப்பட்டபோது அழக்கூட எனக்குத் தெரியவில்லை. சோறு வைத்ததற்காக ஒருவரைப் பிடித்துக்கொண்டு போவார்கள் என்பதை என்னால் நம்ப முடியவில்லை. உண்மையைச் சொன்னால் விட்டுவிடுவார்கள் என்றுதானே சாரும் டீச்சரம்மாவும் எங்களுக்குச் சொல்லித்தந்திருந்தார்கள்?

ஊருக்கே திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்று சிலர் சொன்னார்கள். உள்ளே வைத்திருக்கிறார்கள் என்று சிலர் சொன்னார்கள். ஜாசின் உறவினரும் கடையை மூடிவிட்டுப் போய்விட்டார். சம்பளம் வாங்காதவர்களைச் சந்தேகப்பட்ட அப்பாதான் பிறகு ஒருநாள், "இவள ஜாசின்ல என் தங்கச்சி வீட்டுல விட்டுப் படிக்கவைக்கப் போறேன்" என்று மட்டும் சொன்னார்.

இன்று நான் ஜாசினில் ஒரு தமிழ்ப்பள்ளியில் பாடம் நடத்துகிறேன். சின்னப் பிள்ளைகளின் கையைப் பிடித்து எழுதவைக்கும்போது எனக்குத் தேவகியின் நினைவு வரும். எஸ்டேட்டில் அந்த முள்கம்பி இல்லை, கேட் இல்லை, கொட்டகை நின்ற இடத்தில் லாலான் புல் மண்டிக் கிடக்கிறது. சோற்றுப் பொட்டலத்தை யார் வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோகலாம். நான் குடியிருக்கும் வீடு பசாருக்குப் பின்புறம். அங்கே காக்கைகளுக்குக் குறைவில்லை. அமாவாசையன்று இலையை வெளியே வைப்பதற்குள், கூப்பிடாமலே கூட்டமாக வந்து இறங்குகின்றன.

என்னோடு இருக்கும் அம்மா அவற்றை இலைக்கு அருகில் விடுவதில்லை. முறத்தை எடுத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்துவிடுவாள்.

"விரட்டாதம்மா, காக்கைக்குத்தானே வைக்கிறோம்" என்றேன் ஒருமுறை.

"இதுங்களுக்கு ஒண்ணும் கிடையாது. அன்னிக்கு அத்தன பிள்ளைங்க கத்துச்சே, ஒண்ணாவது வந்துச்சா?" என்றவள், முறத்தை ஓங்கிக் காக்கைகளை எழுப்பிவிட்டு, எதிர்க்கூரையில் தயங்கி நின்ற மைனாவை நாக்கைச் சொடுக்கிக் கூப்பிட்டாள்.