கிழங்குப் புகை

கைக்குழந்தையோடு யாராவது படகில் ஏறினால் பெலிசா ஒன்றும் சொல்ல மாட்டாள். படகைக் கொஞ்சம் போலத் திருப்புவாள். அதன்பிறகு சாரலெல்லாம் அவள் பக்கம்தான் விழும்; பிள்ளை நனையாமல் தூங்கும். பெற்றவளுக்குக்கூட அது தெரியாது. சித்தி மகன் ரெமிகியோ மட்டும் கவனித்திருக்கிறான்.

தித்திகாகா ஏரியில் இருவருக்குமே படகு உண்டு. ரெமிகியோவின் படகு சுற்றுலாக்காரர்களோடு நேராகத் தீவுக்குப் போகும், நேராகத் திரும்பும். பெலிசாவின் படகுக்கு அப்படி ஒரு வழி கிடையாது. படகுத்துறை இல்லாத கரைகளில் எவராவது நாணலைக் கொளுத்திப் புகை காட்டினால், அங்கே போகும்.

அவள் எஞ்சின் இருமத் தொடங்கிய வருஷம் ரெமிகியோ அவள் படகில் வந்து உட்கார்ந்தான். புது எஞ்சின் தான் போடுவதாகவும், கூட்டாக ஓட்டலாம் என்றும், ஆனால் துறைகளில் மட்டும்தான் நிற்க வேண்டும் என்றும் சொன்னான். அவனை நம்பிச் சில குடும்பங்கள் சாப்பிடுகின்றன. டீசலை வீணாக்க முடியாது. அதில் பொய்யில்லை. எஞ்சின் நின்றால் படகும் நின்றுவிடும் என்பது அவளுக்கும் தெரியும்.

அன்று மூடுபனி. வானமும் தண்ணீரும் ஒன்றாகிப் படகு மேகத்துக்குள் மிதப்பது போலிருந்தது. பனி சற்று விலகிய இடத்தில், தூரத்தில் ஒரு புகை எழுவது தெரிந்தது. பெலிசா திருப்பினாள்.

போய்ப் பார்த்தால், ஒரு குடும்பம் மண்கட்டிகளை அடுக்கிச் சூடேற்றி உருளைக்கிழங்கு சுட்டுக்கொண்டிருந்தது. படகே சிரித்தது. அவர்களும் சிரித்துக்கொண்டே எல்லோருக்கும் கிழங்கு கொடுத்தார்கள்.

"கிழங்குப் பொகைக்கு டீசல் எரிச்ச ஒரே ஆளு நீதான்க்கா."

"வீணா வந்தா கிழங்காச்சும் கெடைக்குதுடா. கூப்பிட்ட பொகைய கிழங்குன்னு நெனச்சு விட்டுட்டுப் போயிட்டா, மாதாகிட்ட என்னத்தச் சொல்றது?"

அவன் கிழங்கை உரித்தான். வீணாகப் போய்விடுவோமோ என்பதுதான் எப்போதும் அவன் பயம். விட்டுவிட்டுப் போய்விடுவோமோ என்பது அவள் பயம்.

அவன் தருவதாகச் சொன்ன எஞ்சினை அவள் வாங்கிக்கொள்ளவில்லை. பழையது படுத்த பிறகு பாய் கட்டினாள். காற்றில்லாத நாளில் ஜெபம் சொல்லிக்கொண்டு காத்திருப்பாள். படகு மெதுவாகத்தான் வரும், ஆனால் வரும்.

ரெமிகியோ பிறகு படகை விற்று, பஸ் வாங்கி, லா பாஸ் நகரத்துக்குக் குடிபோனான். சாமான்களோடு அவனை அக்கரையில் இறக்கிவிட்டவள் பெலிசாதான். அதற்குப் பிறகு அவளை அவன் பார்க்கவில்லை. அன்று இறங்கும்போது, துணியில் கட்டிய சூடான கிழங்கை அவன் கையில் வைத்துவிட்டுச் சொன்னாள்:

"ரோட்டுல யாராச்சும் கையத் தூக்கினா ஒருதரம் நிறுத்திப் பாரு தம்பி. சும்மா சோம்பல் முறிச்சவனா இருந்தா, அவனோட சேந்து சிரிச்சுட்டுப் போ."